திருத்துங்கள், மனந்தளரச் செய்யாதீர்கள்



பிள்ளையை முதன்முதலாகப் பாடசாலைக்கு அழைத்துச் சென்று வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வருவது எமது சமூகத்தில் நெடுங்காலம் நிலவிவந்த வழக்கம். ஆசிரியர்மீது வைத்த முழு நம்பிக்கையினால் பெற்றோர் அவ்வாறு சொன்னார்கள். அவர்களது உள்ளத்தில் கொடுமை இருக்கவில்லை. எனினும், தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு அருகில் நின்ற ஐந்து வயதுக் குழந்தையின் செவியிலும் அந்தச் சொற்கள் விழுந்தன. இந்த இடத்தில் தனக்காகப் பேசுவதற்கு எவரும் இல்லை என்பதே அக்குழந்தை கற்ற முதற்பாடம்.

இன்று இதற்கு நேர்மாறான காட்சியையும் காண்கின்றோம். ஆசிரியை ஒரு சொல் கடிந்து பேசிவிட்டார் என்பதற்காக மறுநாட்காலையிலேயே அதிபரின் அலுவலகத்தில் போய் நின்று, பிள்ளையின் முன்னிலையிலேயே ஆசிரியையைத் தூற்றும் பெற்றோரும் இருக்கிறார்கள். முதலாமவர் பிள்ளையை முற்றாகக் கையளித்துவிட்டார். இரண்டாமவர் பிள்ளையின் குற்றத்துக்கு அரண் அமைத்துவிட்டார். இருவரது பிள்ளைகளும் திருந்துவதற்கான வாய்ப்பை இழந்துவிடுகிறார்கள்.

ஆரம்பப் பிரிவில், தரம் ஒன்று முதல் ஐந்து வரை, கற்கும் சிறுவரை எவ்வாறு ஒழுங்கில் வளர்ப்பது? நம்பிக்கை கொண்டவர்களாகிய நாம் இவ்விடயத்தில் எவரைப் பின்பற்றுவது? இவ்வாரம் இதனைச் சிந்திப்போம்.

சிட்சை என்னும் சொல்

எமது முன்னோர் பயன்படுத்திய 'சிட்சை' என்னும் சொல்லை இப்போது தண்டனை என்ற பொருளிலேயே விளங்கிக்கொள்கிறோம். அச்சொல் பிறந்த வடமொழியில் 'சிக்ஷா' என்பதற்குக் கற்பித்தல், பயிற்றுதல் என்பதே பொருள். கற்பித்தலைக் குறித்த சொல் காலப்போக்கில் அடியைக் குறிக்கும் சொல்லாகவும் ஆனது. சொல்லுக்கு நேர்ந்த இந்த நிலையே வகுப்பறைக்கும் நேர்ந்தது. பிள்ளைக்கு ஒன்றைப் பழக்குவது கடினம், நாட்கள் எடுக்கும், பொறுமை வேண்டும். அடிப்பதற்கு ஒரு நொடி போதும். வகுப்பும் உடனே அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியை ஒழுக்கம் என்று எண்ணி நாம் ஏமாந்துபோகிறோம்.

அச்சத்தினால் உண்டாகும் அமைதி, அச்சுறுத்துபவர் வகுப்பறையை விட்டு வெளியேறும் வரைக்குமே நீடிக்கும். அடிக்குப் பயந்த பிள்ளை பிழை செய்வதை நிறுத்துவதில்லை. பிழையை மறைப்பதற்குக் கற்றுக்கொள்கிறது. பொய்யும், மற்றவன்மேல் பழி போடுவதும், பெற்றோரின் கையெழுத்தைத் தானே இட்டுக்கொள்வதும் அச்சத்தில் முளைக்கும் பயிர்கள்.

மறைநூல் கூறும் பிரம்பு

"பிரம்பைக் கையில் எடுக்காத தந்தை தன் மகனை வெறுப்பவன் என்ற கருத்து நீதிமொழிகளில் இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், 13ஆம் அதிகாரத்தின் 24ஆம் வசனத்தில் அக்கருத்து உள்ளது. அக்காலச் சமுதாயத்தில் பிள்ளைகளை அடித்து வளர்ப்பது வழக்கமாக இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே பிரம்பைக் குறிக்கும் அதே எபிரேயச் சொல்லே, ஆண்டவரை ஆயராகப் போற்றும் 23ஆம் திருப்பாடலிலும் வருகின்றது. இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நடந்து செல்லும் ஆட்டுக்கு அந்தக் கோல் ஆறுதல் தருகிறது. ஓநாயை விரட்டுவதற்கும் வழி தவறிய ஆட்டை மெல்லத் திருப்புவதற்கும் ஆயரின் கையில் கோல் இருக்கிறது. உங்கள் கையில் உள்ளதைக் கண்டு பிள்ளைக்கு ஆறுதல் பிறக்கிறதா, நடுக்கம் பிறக்கிறதா என்பதே நாம் எம்மிடம் கேட்க வேண்டிய கேள்வி.

புதிய ஏற்பாட்டிலே புனித பவுல் இவ்விடயத்தைத் தெளிவாக்குகின்றார். எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குச் சினமூட்டாமல் ஆண்டவருக்குரிய பயிற்சியிலும் அறிவுரையிலும் அவர்களை வளர்க்கும்படி தந்தையரைப் பணிக்கிறார். கொலோசையருக்கு எழுதும்போது அதற்குரிய காரணத்தையும் கூறுகிறார்: பிள்ளைகள் மனந்தளர்ந்து போகலாகாது. தந்தைக்குத் தன் பிள்ளைகள்மீது வரம்பற்ற அதிகாரம் இருந்த உரோமைப் பேரரசிலே வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்ட அறிவுரை இது. பிள்ளைக்கும் உள்ளம் ஒன்று உண்டு, அது தளர்ந்துவிடக்கூடும் என்று அதிகாரம் படைத்தவர்களுக்கு நினைவூட்டுகிறார் திருத்தூதர்.

கடுமையின் விளைவை அறிய விரும்புவோர் அரசர்கள் முதல் நூலின் 12ஆம் அதிகாரத்தை வாசித்துப் பார்க்கட்டும். சாலமோனின் மகன் ரெகபெயாம் அரியணை ஏறியபோது, தங்கள் சுமையைச் சற்றுக் குறைக்கும்படி மக்கள் மன்றாடினார்கள். மக்களோடு கனிவாகப் பேசினால் அவர்கள் என்றும் உமக்கு உரியவர்களாக இருப்பார்கள் என்று முதியோர் அறிவுரை கூறினர். இளைஞரோ, தந்தையைவிடத் தான் கடுமையானவன் என்று காட்டும்படி தூண்டினர். தந்தை சாட்டையால் அடித்தார், நான் முட்சாட்டையால் அடிப்பேன் என்ற பொருள்பட அரசன் விடையளித்தான். பத்துக் குலங்கள் அவனை விட்டு விலகின. நாடு இரண்டாகப் பிளந்தது. கடுமையைக் கண்டு அடங்கியிருந்தவர்கள், விலகிச் செல்ல வழி கிடைத்தவுடன் விலகிச் சென்றார்கள். பதினெட்டு வயதில் வீட்டையும் ஆலயத்தையும் விட்டு ஒரேயடியாக விலகிப்போகும் இளைஞர் சிலரது வரலாறும் இதுவே அல்லவா?

இரு புனித ஆசிரியர்கள்

பாடசாலைகளில் சிறுவரோடு வாழ்ந்து புனிதரானவர்கள் பலர். அவர்களுள் இருவரை இங்கே நினைவுகூர்வோம்.

முதலாமவர், 1651இல் பிரான்ஸ் நாட்டின் றீம்ஸ் நகரிலே பிறந்த புனித யோவான் பப்திஸ்ற் டி லா சால். ஏழைச் சிறுவருக்காகப் பாடசாலைகளைத் தொடங்கி, அவர்களுக்கு இலத்தீனில் அன்றித் தாய்மொழியிலேயே வாசிப்பைக் கற்பித்தவர். கொழும்பிலும் மன்னாரிலும் கல்விப்பணி ஆற்றிய டி லா சால் சகோதரர்களின் சபையை நிறுவியவரும் இவரே. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இவரை ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

பாடசாலைகளை நடத்தும் முறை பற்றி அவர் எழுதிய நூல், அவரது மறைவுக்கு மறு ஆண்டான 1720இல் அச்சாயிற்று. பிரம்படி எங்கும் வழக்கிலிருந்த காலம் அது. அவர் அதனை முற்றாக ஒழித்துவிடவில்லை. ஆனால் அதைச் சுற்றிப் பல வேலிகளை இட்டார். திருத்துதல் அன்பிலிருந்து பிறக்க வேண்டும். நீதியாகவும் அளவோடும் அமைய வேண்டும். ஆசிரியர் சினம் கொண்டிருக்கும் வேளையில் தண்டிக்கக் கூடாது என்று விதித்தார். இன்னொன்றும் செய்தார். பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்பதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவற்றுள் பிள்ளையின் குறைகளும் பெற்றோரின் கவனக்குறைவும் இருந்தன. பிள்ளையின் அன்பைப் பெறத் தெரியாத ஆசிரியரும் ஒரு காரணமாக இருந்தார். மாணவனின் வரவுக் குறைவுக்கு ஆசிரியரும் தம் உள்ளத்தை ஆராய வேண்டும் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டுவிட்டது.

இரண்டாமவர், 1815இல் இத்தாலியிலே பிறந்த புனித டொன் பொஸ்கோ. இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்து, தாய் மார்கரீத்தாவின் அரவணைப்பில் வளர்ந்தவர். ஒன்பது வயதளவில் அவர் கண்ட கனவு யாவரும் அறிந்தது. தகாத வார்த்தை பேசிச் சண்டையிட்ட சிறுவர் கூட்டத்தை அடக்குவதற்காக அவர் கையை ஓங்கிப் பாய்கிறார். அப்போது மாட்சிமிக்க ஒருவர் தோன்றி, அடியினால் அல்ல, சாந்தத்தாலும் அன்பினாலுமே இவர்களை நண்பர்களாக்கிக்கொள்ள வேண்டும் என்று உணர்த்துகிறார். அந்தக் கனவின் வழியிலேயே அவரது வாழ்நாள் முழுவதும் நடந்தது. தூரின் நகரின் தெருக்களிலும் சிறையிலும் அவர் சந்தித்த சிறுவர்கள், எவராலும் அடக்க இயலாதவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள்.

தமது முறையை 1877இல் ஒரு சிறு கட்டுரையாக அவர் எழுதினார். பிள்ளை தவறும் வரை காத்திருந்து தண்டிப்பது ஒரு முறை. தவறுவதற்கு இடமில்லாதபடி அன்போடு உடனிருப்பது மற்றொரு முறை. அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். நியாயம், சமயம், அன்புக் கனிவு என்னும் மூன்று தூண்களின்மீது அது நிற்கிறது. அடிப்பது, நோகும் வண்ணம் முழங்காலில் நிறுத்துவது, காதைத் திருகுவது ஆகியவற்றை முற்றாகத் தவிர்க்கும்படி அவர் பணித்து, அதற்கு மூன்று காரணங்களைக் காட்டினார். அவை நாட்டின் சட்டத்தால் தடுக்கப்பட்டவை, பிள்ளைகளுக்கு ஆத்திரமூட்டுபவை, ஆசிரியரைத் தாழ்த்துபவை. இந்த மூன்றாவது காரணத்தைச் சற்று நின்று சிந்தியுங்கள். அடிபட்டவன் மாணவன், தாழ்ந்து போனவரோ ஆசிரியர்.

மிக அரிதான வேளைகள் தவிர, ஒரு பிள்ளையை மற்றவர் முன்னிலையில் கண்டிக்கலாகாது, தனியே அழைத்துப் பேச வேண்டும் என்பதும் அவரது விதி. சகோதரன் தவறு செய்தால் முதலில் நீங்கள் இருவரும் தனித்திருக்கையில் எடுத்துச் சொல்லுங்கள் என்று மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்ததும் இதுவே. அந்த முறைமை பெரியவர்களுக்கு மட்டும் உரியது, ஏழு வயதுப் பிள்ளைக்கு உரியது அல்ல என்று எவர் சொன்னார்? 1884இல் உரோமையிலிருந்து எழுதிய மடலில் அவர் மேலும் ஒரு படி சென்றார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது. தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்பதை அவர்கள் உணரவும் வேண்டும் என்றார்.

நாட்டின் சட்டம்

டொன் பொஸ்கோ காட்டிய முதற்காரணம் எமது நாட்டுக்கும் பொருந்தும். பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது. பாடசாலை ஒழுக்கம் பற்றி 2016இல் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் வெளிவந்தது. 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, பாடசாலை ஒழுங்கு பிள்ளையின் மனித மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை உறுதிசெய்யும் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்கவும் கட்டளையிட்டது.

ஆகவே, "எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள், நாங்கள் கெட்டா போனோம்?" என்ற கேள்வியோடு இவ்விடயத்தை முடித்துவிட முடியாது. நாம் நன்றாக வளர்ந்ததற்கு எம்மை நேசித்த பலர் காரணம். அடியினால் பாடசாலையை விட்டே ஓடியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க எம்மோடு அமர்ந்திருக்கவில்லை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

"சொல்வது எளிது, நாற்பது பிள்ளைகளோடு வகுப்பில் நின்று பாருங்கள்" என்று ஆசிரியைகள் சொல்லக்கூடும். அது நியாயமான முறையீடு. களைத்துப்போன ஆசிரியைக்குக் கைகொடுக்காமல் அவரைக் குறை கூறுவது நீதியாகாது. எனவே நடைமுறைக்கு உகந்த சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, ஒழுங்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தவணையின் முதல் வாரத்திலேயே நான்கைந்து விதிகளைப் பிள்ளைகளோடு பேசித் தீர்மானித்து, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். "ஓடாதே" என்பதைவிட "வகுப்பறைக்குள் நடந்து செல்வோம்" என்பது சிறு பிள்ளைக்கு எளிதாக விளங்கும். இன்று சிரித்துவிட்டு விட்ட குற்றத்துக்கு நாளை சீறினால், பிள்ளை விதியைக் கற்காது. ஆசிரியையின் முகத்தைப் பார்த்து நடக்கவே கற்கும்.

இரண்டாவது, தண்டிக்குமுன் காரணத்தைத் தேட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையால் நெடுநேரம் அசையாதிருக்க இயலாது. அது வயதின் இயல்பு. கரும்பலகையில் உள்ளதை எழுதாமல் பக்கத்தில் உள்ளவனின் கொப்பியை எட்டிப் பார்ப்பவனுக்குக் கண் பார்வை குறைவாக இருக்கலாம். சிடுசிடுப்பவள் காலையில் உண்ணாமல் வந்திருக்கலாம். ஓயாமல் சண்டையிடும் சிறுவனின் வீட்டில், குடித்துவிட்டு வரும் தந்தை இருக்கலாம். தாய் வெளிநாட்டில் உழைத்துக்கொண்டிருக்கலாம். போரினாலும் வறுமையினாலும் காயப்பட்ட எமது குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள், தங்கள் துயரத்தைச் சொற்களால் சொல்லத் தெரியாமல் நடத்தையினால் சொல்கிறார்கள்.

மூன்றாவது, செய்த பிழையைச் சீர்செய்வதே தண்டனையாக அமையட்டும். ஒரு சிறுவன் தோழியின் பென்சிலை எடுத்துவிட்டான் என்று கொள்வோம். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்திக் கள்வன் என்று கூவினால், அந்தப் பெயர் ஐந்தாம் தரம் வரை அவனைத் தொடரும். இடைவேளையில் தனியே அழைத்து, "பென்சில் இல்லாமல் அவள் எப்படி எழுதியிருப்பாள்?" என்று கேளுங்கள். அவனே தன் கையால் அதைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கட்டும். சுவரில் கீறியவன் அதைத் துடைக்கட்டும். அடித்தவன், அடிபட்டவனின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். தீய செயலுக்கு விளைவு உண்டு என்பதையும், மன்னிப்புக் கேட்டு ஏற்பட்ட தீங்கை ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு உணர்த்தும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் கேட்டிருந்தார். நாம் அறிந்த ஒப்புரவு அருளடையாளத்தின் ஒழுங்கும் இதுவே: குற்றத்தை உணர்தல், அறிக்கையிடல், பரிகாரம் செய்தல், மீண்டும் ஏற்றுக்கொள்ளப்படுதல். பிழையைச் சீர்செய்த பிள்ளையிடம் அதைப் பற்றி மறுநாள் பேசக் கூடாது.

நான்காவது, நாவைக் காத்துக்கொள்ள வேண்டும். பிரம்பைக் கைவிட்ட சிலர் நாவினால் அடிக்கிறார்கள். "மொக்கு", "உதவாக்கரை", "உன் அண்ணனைப் பார்" என்ற சொற்களின் தழும்பு எளிதில் மறைவதில்லை. சகோதரனை அறிவிலி என்பவருக்கு ஆண்டவர் விடுத்த எச்சரிக்கை மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளையை நோக்கி இச்சொற்களை எறியும் வீடுகள் அந்த எச்சரிக்கையை மீண்டும் வாசிக்கட்டும்.

ஐந்தாவது, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேசிய பிள்ளையைப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்துவதும், பிந்தி வந்தவனுக்கு ஐம்பது 'அருள்நிறை மரியே' சொல்லும்படி பணிப்பதும் வேண்டாம். செபம் ஒரு தண்டனை, ஆலயம் அவமானப்படும் இடம் என்பதே பிள்ளையின் உள்ளத்தில் பதியும். சிறுவரைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்த சீடர்மீது ஆண்டவர் கோபம் கொண்டதை மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரம் கூறுகிறது.

வீடும் பாடசாலையும்

பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அப்பொறுப்பைப் பாடசாலை வாயிலில் இறக்கி வைத்துவிட முடியாது. பிள்ளை முறைப்பாட்டோடு வீடு வந்தால் முதலில் முழுவதையும் கேளுங்கள். பின்னர் ஆசிரியையைத் தனியே சந்தித்து அவர் சொல்வதையும் கேளுங்கள். பிள்ளைக்கு முன்னால் ஆசிரியையை இகழாதீர்கள். ஆசிரியைக்கு முன்னால் பிள்ளையை இகழாதீர்கள். பிள்ளை உண்மையில் காயப்பட்டிருந்தால் மௌனமாக இருக்கவும் வேண்டாம். அதிபரிடம் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்வது உங்கள் கடமை.

அப்பாவும் அம்மாவும் ஒரே சொல்லில் நிற்பதும் அவசியம். ஒருவர் மறுத்ததை மற்றவர் இரகசியமாகக் கொடுத்தால், பிள்ளை இருவரையும் ஏய்க்கப் பழகிவிடும். அன்பு என்றால் எல்லாவற்றுக்கும் இணங்குவது என்று பொருள் அல்ல. "இல்லை" என்று சொன்னால் அது இல்லைதான் என்பதைப் பிள்ளை அறிந்திருக்கட்டும். அதைச் சொல்பவர் தன்னை நேசிக்கிறார் என்பதையும் அறிந்திருக்கட்டும்.

கரையில் எரிந்த கரிநெருப்பு

ஆண்டவர் தவறிய சீடரைத் திருத்திய முறையை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் எமக்குக் காட்டுகிறது. கரிநெருப்பின் அருகே நின்று மூன்று முறை மறுதலித்தவர் பேதுரு. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மீண்டும் கரிநெருப்பை மூட்டுகிறார். இரவு முழுவதும் உழைத்துக் களைத்தவர்களுக்கு முதலில் உணவு கொடுக்கிறார். உண்ட பின்னரே கேள்வி கேட்கிறார். மறுதலித்தது ஏன் என்று கேட்காமல், தம்மை அன்பு செய்கிறாரா என்று மும்முறை கேட்கிறார். அக்கேள்வி பேதுருவுக்கு நோகவே செய்தது. உண்மையான திருத்தம் நோகாமல் நடப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு பதிலின் முடிவிலும், தம் ஆடுகளைப் பேணி வளர்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கிறார். தவறிய ஒருவரை நம்பிப் பொறுப்புக் கொடுக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் "இவனை எதுவும் செய்ய முடியாது" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட சிறுவன் ஒருவன் இருக்கக்கூடும். நாளைக் காலையில் அவனுக்கு ஒரு சிறு பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்: கொப்பிகளைச் சேகரிக்கட்டும், காலைச் செபத்தைத் தொடங்கி வைக்கட்டும், பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும். அவனது பெயரைக் கனிவோடு அழையுங்கள். ஒரே நாளில் அவன் மாறிவிடமாட்டான். பேதுருவும் ஒரே நாளில் பாறையாகிவிடவில்லை.

செபிப்போம்: சிறுவரை அரவணைத்து ஆசி வழங்கிய ஆண்டவரே, எம்மிடம் நீர் ஒப்படைத்த பிள்ளைகளைச் சினத்தோடு அணுகாதிருக்க எமக்குப் பொறுமை தாரும். தவற்றைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடாத துணிவையும் தாரும். எங்கள் ஆசிரியர்களின் களைப்பைப் போக்கியருளும். எம்மால் காயப்பட்ட சிறு உள்ளங்களை நீரே தொட்டுக் குணப்படுத்தும். ஆமென்.